முள் நேராகத்தான் நின்றது

குகட்பள்ளி,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள கிதியோன் அண்ணனுக்கு,

தங்கை ஜெயசுந்தரி எழுதுவது. கர்த்தருடைய தயவால் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லாம் சுகம். அங்கே உங்களுக்கும் ஷர்மிளா மதினிக்கும் சுகந்தானே என்று கேட்டதாகவும், மழை பற்றி விசாரித்ததாகவும் வைத்துக்கொள்ளுங்கள். இன்று என்னால் மெதுவாக எழுத முடியாது. போனில் சொன்னால் நடுவில் பேசுவீர்கள், அதனால்தான் கடிதம்.

உங்கள் மகள் ஸ்டெஃபி மேகத்துக்குள் விமானத்தை இறக்கப் பழகும் இடத்தை நேரில் பார்த்து, பத்திரமா இல்லையா என்று எழுதச் சொல்லியிருந்தீர்கள். இல்லையென்றால் பரீட்சைக்கான சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டீர்கள், அவள் பாளையங்கோட்டைக்குத் திரும்பி வந்து வேறு படிப்பில் சேர வேண்டும். மின்னல் வெட்டினால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும் ஒரு பழைய ரேடியோ முள்ளை நம்பி அவள் இறங்குவதாக எங்கோ படித்துவிட்டீர்கள். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள், எதையும் லேசில் நம்பாதவள் என்று என்னை அனுப்பினீர்கள். உண்மையைச் சொன்னால், இல்லை என்று எழுதும் முடிவோடுதான் நேற்று கொண்டாப்பூர் போனேன்.

அது தரையிலேயே நிற்கும் போலி விமானி அறை. டிபன் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. ஜன்னல் முழுக்க வெள்ளை மேகம், கீழேயிருந்து தோசை வாசனை. சொல்லிக்கொடுக்கும் பெருமாள் சார் செகந்திராபாத் ரயில்வே காலனியில் வளர்ந்த தமிழர். என்னைத் தன் மேஜையருகே உட்கார வைத்துக் காதில் ஹெட்போன் மாட்டிவிட்டார். நான் அந்த முள்ளைப் பற்றிக் குறுக்கு விசாரணை செய்தேன். அவர் எதையும் மறுக்கவில்லை. மின்னலுக்குத் திரும்புமாம், கடலோரத்தில் கோணலாகக் காட்டுமாம், பொழுது சாய்ந்தால் தடுமாறுமாம். இன்னும் ஒரு குறை இருக்கிறது என்று பெருமையாக ஆரம்பித்தவர், போன் வந்ததும் வெளியே போய்விட்டார்.

ஸ்டெஃபி இறங்கத் தொடங்கியிருந்தாள். ஓடுபாதை அருகே இருக்கும் ரேடியோ நிலையம் தன் பெயரைத் தந்தி ஒலியில் டிட் டா டிட், டிட் டா டிட் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. முள் அதை நோக்கி நேராக நின்றது. இந்த இரைச்சலில் பிள்ளைக்குக் கவனம் சிதறுமே என்று மேஜையிலிருந்த குமிழைத் திருகிச் சத்தத்தை நிறுத்திவிட்டேன் அண்ணன். பரீட்சை நடக்கும்போது கிறீச்சிடும் மின்விசிறியை நிறுத்திப் பழகிய கை. முள் அசையவில்லை. உயரம் எண்ணூறு அடி, வெளியே ஒன்றும் தெரியவில்லை, எனக்கோ எல்லாம் ஒழுங்காகப் போவதாகவே பட்டது. அப்போது அவள், "சத்தம் நின்னுபோச்சு. மேல ஏறுறேன்" என்று சொல்லி ஏறியே விட்டாள். முள் நேராகத்தானே நிற்கிறது என்று நான் கத்தியதைக் காதில் வாங்கவே இல்லை.

பெருமாள் சார் ஓடிவந்து குமிழைப் பார்த்தார். "கைக்கு மேடம், கைக்கு?" என்று ஹைதராபாத் உருதுவில் 'ஏன், ஏன்' எனக் கேட்டுவிட்டுத் தமிழுக்கு வந்தார். "அதை எதுக்குத் திருகினீங்க?" காரணத்தைச் சொன்னேன். தலையில் கை வைத்தவர் அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். புதிய கருவிகளில் சிக்னல் போனால் சிவப்புக் கொடி விழுமாம். இதில் அந்த வழக்கம் இல்லை. "நிலையம் செத்தாலும் இது பாட்டுக்குக் கை நீட்டிக்கிட்டே நிக்கும் மேடம். அதனால கண்ணு முள்ளுல, காது சத்தத்துல. சத்தம் போச்சுன்னா முள்ளை மறந்துடணும்." அவர் சொல்ல வந்த குறை அதுதான். கடைசி நாளில் சொல்லாமல் வைக்க இருந்த சோதனையை நான் முன்கூட்டியே நடத்திவிட்டேனாம்.

அண்ணன், பத்துத் தடவை கூப்பிட்டாலும் சாப்பிட வராத பெண் இவள். அவளா அத்தனை நேரமும் அந்த டிட் டா டிட்டைக் காதில் பிடித்துக்கொண்டிருந்தாள்? அந்த முள் நம்பத் தகுந்ததா என்றால், இல்லை. அதை எந்த நிமிடம் நம்பக் கூடாது என்று உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. பத்திரம் என்றே எழுதுகிறேன். அடுத்த வாரம் பரீட்சை. தயவுசெய்து கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

மதினிக்கு என் அன்பு. உங்கள் இரத்த அழுத்தத்துக்காக ஜெபிக்கும்,
ஜெயசுந்தரி.

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மதினி போன் செய்தார்கள். படிவம் போன மாதமே இங்கே ஸ்டெஃபி கைக்கு வந்து சேர்ந்துவிட்டதாம். மதினிதான் அதைப் பேங்க் காகிதங்களோடு சேர்த்து உங்களிடம் நீட்டினார்களாம். நீங்களும் படிக்காமல் கையெழுத்துப் போட்டீர்களாம். மேலே எழுதியதையெல்லாம் தகவலுக்காக மட்டும் வைத்துக்கொள்ளவும்.