அரக்கன் வரும் ராகம்

"மூணாவது ஓலைய வாசிக்காண்டாம்ணு பாஸ்டருட்ட சொல்லிருங்க அண்ணாச்சி."

குழித்துறையிலிருந்து சம்பந்தி பூங்கனி போனில் சொன்னதைக் கேட்டதும் செல்வதாஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மகள் ஜெஸ்மிக்கும் பூங்கனியின் மகன் ஜெரிஷுக்கும் கல்யாணம் என்று இரண்டு ஞாயிறு கோவிலில் ஓலை வாசித்து அறிவித்தாகிவிட்டது. மூன்றாவதும் வாசித்துவிட்டால் தாலிதான் பாக்கி. இந்த நேரத்தில் ஓலை நின்றால் தக்கலையில் அவர் எந்த முகத்தோடு நடப்பார்? அவருடைய தகப்பனார் சபை மூப்பர். அவரும் மூப்பர். அந்தக் குடும்பத்தில் வாசித்த ஓலை நின்றதாகச் சரித்திரமே இல்லை.

"என்ன குத்தம் கண்டீங்க சம்பந்தியம்மா?"

"நிச்சயத்துக்கு நான் கோவிலுக்குள்ள நுழையும்போது என்னத்த வாசிச்சாங்க? எனக்க இளைய மவன் இப்பம்தான் சொல்லுதான். ஏதோ மாயாஜாலப் படத்துல அரக்கன் வரும்போது வாற மியூசிக்காம். அது கேட்டா அடுத்தது ஒரு சாவாம். நான் என்ன அரக்கியா?"

செல்வதாஸுக்கு நன்றாக நினைவிருந்தது. சம்பந்தியம்மாளை அவரே வாசலில் எதிர்கொண்டு, கூடவே நடந்து உள்ளே அழைத்து வந்தார். கீபோர்டிலிருந்து தாழ்ந்து, நிதானமாக எழுந்த அந்த இசை அவருக்குப் பிடித்தமானதுதான். கேட்டாலே முதுகு நிமிரும்.

"சினிமா மியூசிக்கா? எங்க சபையிலயா? அது பழைய ஞானப்பாட்டு."

"எத்தனாவது நம்பர்?"

மூப்பருக்கு நம்பர் தெரியாது என்று ஆகிவிடக் கூடாது. வாயில் வந்த எண்ணைச் சொன்னார். மறுமுனையில் பாட்டுப் புத்தகம் புரளும் சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, இது அடக்க ஆராதனையில பாடுத பாட்டுல்லா?"

போன் துண்டிக்கப்பட்டது.

ஜெஸ்மி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டா தீந்துரும்லா அப்பா?"

"நம்ம குடும்பத்துல ஆரும் மன்னிப்பு கேட்டதில்ல. விளக்கம் சொல்லுவோம். அந்தப் பாழாப்போன ராகத்த எனக்க போன்ல போட்டுத் தா."

படத்தில் அந்த இசை வரும் காட்சியைப் போட்டுத் தந்தாள். மூன்று சுரம் இறங்கியது. மலை பிளந்து கறுப்பு முக்காடிட்ட ஒருவன் வந்தான். ஒரு ஊரே வாயடைத்து நின்றது. மறுபடி மூன்று சுரம். ராஜா செத்தார். சந்தேகமே இல்லை, அதே இசைதான்.

மறுநாள் காலை பெரிய ஏத்தன் வாழைக்குலை ஒன்றைக் காரில் ஏற்றிக்கொண்டு குழித்துறைக்குப் புறப்பட்டார். சாட்சிக்கு, கோவிலில் கீபோர்டு வாசிக்கும் எபிசனையும் பிடித்து ஏற்றினார். வழியெல்லாம் எபிசன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

பூங்கனி வாசலில் கை கட்டி நின்றாள். செல்வதாஸ் குலையை மார்போடு அணைத்தபடி படியேறினார். காயொன்று சட்டைப்பையில் இருந்த போனை அழுத்தியது.

டும்... டும்... டூம்ம்ம்.

பூங்கனி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினாள். "வீடு தேடி வந்தும் இதேதானா?"

செல்வதாஸ் குலையை விட்டுவிட்டுப் போனைத் தடவினார். அது இன்னும் உரக்க முழங்கியது. குலை படிகளில் உருண்டு சீப்புச் சீப்பாகச் சிதறியது. கடைசியில் எபிசன்தான் போனைப் பிடுங்கி அணைத்தான்.

"ஞாயித்துக்கிழம ஓலை வாசிச்சிட்டு, ஆருக்காவது ஆட்சேபணை உண்டான்னு கேப்பாங்கல்லா? எனக்கு உண்டும்னு எழும்பி நிப்பேன்," என்றாள் பூங்கனி.

செல்வதாஸ் எபிசனின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "ஏலே, சொல்லு. இவங்களுக்கா வாசிச்ச?"

"சத்தியமா இவங்களுக்கு இல்ல மாமா."

"பின்ன ஆருக்கு?" என்று பூங்கனி ஓரடி முன்னால் வந்தாள்.

எபிசன் சிதறிய காய்களைப் பொறுக்கக் குனிந்தான்.

"பேரச் சொல்லுலே!" செல்வதாஸ் கர்ஜித்தார். "அந்த அரக்கன் எவனா இருந்தாலும் சரி, இந்தப் படியில வச்சு சம்பந்தியம்மா காலுல விழ வைப்பேன். இது எனக்க வாக்கு. எங்க குடும்பத்துல வாக்கு மாறினதில்ல."

எபிசன் ஒரு படி கீழே இறங்கி நின்றுகொண்டான்.

"மாமா, நீங்க வாறத அறிஞ்சு, கொயர்ல பாடுத பிள்ளைங்க சிரிப்ப அடக்கி நேரா இருக்கதுக்கு, நாலு வருசமா நீங்க உள்ள வரும்போதெல்லாம் இதத்தான் வாசிக்கேன்... அன்னைக்கு இவங்க ஒங்க கூட வந்துட்டாங்க."