மேசைக்கு ரப்பர் ஒட்டிய வகையில்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுதுவது. இங்கே முதுகைத் தவிர அனைவரும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் நலமாகத்தான் இருப்பீர்கள். மேசை இங்கே அல்லவா இருக்கிறது!

"பெரிய வீடு கிடைச்சதும் எடுத்துக்கறேன் மாமா" என்று, ஏலத்தில் எடுத்த அந்தப் பழங்கால பில்லியர்ட்ஸ் மேசையை எங்கள் கூடத்தில் இறக்கிவிட்டுப் போனீர்கள். அன்றிலிருந்து நாங்கள் சுவரை ஒட்டியே நடமாடுகிறோம். இப்போது, ஓரத்து ரப்பர் கல்லாகிவிட்டது, பந்து மோதினால் அங்கேயே படுத்துவிடுகிறது, புது ரப்பர் அனுப்புகிறேன், ஒட்டி வையுங்கள், லீவில் நண்பர்களோடு வந்து ஆடுகிறேன் என்றீர்கள். மாப்பிள்ளை பேச்சைத் தட்ட முடியுமா? கதவு செய்யும் தச்சரைக் கூப்பிட்டேன். பழைய ரப்பர் மரத்தை விட்டு வருவேனா என்றது. உங்கள் மாமியாரின் இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினோம். ரப்பர் வந்தது, இஸ்திரிப் பெட்டி போனது. புது ரப்பரில் ஒரு பக்கம் கூராக இருந்தது. "கூர் மேல இருந்தா கையில குத்தும் சார், கீழ திருப்பிடுவோம்" என்றார் தச்சர். நானும் எல்லாம் தெரிந்தவன் மாதிரித் தலையாட்டினேன். பச்சைத் துணியை இழுத்து அடித்து, முதல் பந்தைத் தட்டினேன். அது ஓரத்தில் மோதி, எம்பி, என் வழுக்கைக்கு மேலே பறந்து, ஷோகேஸ் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. உங்கள் மாமியார் எட்டிப் பார்த்து, "ஒழுங்கா திருப்பி ஒட்டுங்க. இல்ல, நீங்களும் மேசையும் வெளிய" என்றாள். மறுபடி துணியைக் கழற்றி, ரப்பரைப் பிய்த்து, கூரை மேலே வைத்து ஒட்டி, இன்றுதான் முடிந்தது.

சலித்துவிட்டது மாப்பிள்ளை. நான் ஓய்வு பெற்றதிலிருந்து அவள் என்னோடு பேசுவதே குறைவு. இப்போது திட்டுவதற்கு மட்டும் வாய் திறக்கிறாள். லீவில் வரும்போது தயவுசெய்து மேசையை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். எனக்கு ஒரு கட்டில் போட இடம் வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசி. இஸ்திரிப் பெட்டி விஷயம் மகளுக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடினேன், இருந்ததெல்லாம் மேசைக்கே போயிருந்தது. அதற்குள் உங்கள் மாமியார், "சரியா வருதான்னு பாத்தீங்களா?" என்று ஒரு பந்தைத் தட்டினாள். அது மூன்று ஓரங்களைத் தொட்டுக் குழியில் விழுந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! அப்போதிலிருந்து இருவரும் ஆடிக்கொண்டிருக்கிறோம், இதுவரை நான் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. "எழுதினது போதும், உங்க முறை" என்கிறாள். மேசைக்கு அவசரமில்லை. நீங்கள் மட்டும் வாருங்கள். நண்பர்கள் வேண்டாம், மேசை காலியாக இருக்காது.