குட்டி என்று எழுதிய டப்பா

பொறாமைப்படுவதற்கும் ஒரு தரம் வேண்டும். கூட வேலை பார்ப்பவனின் பதவி உயர்வு, பக்கத்து வீட்டுக்காரரின் புதுக் கார் என்று கௌரவமாகப் பொறாமைப்படுகிறவர்கள் பாக்கியசாலிகள். நான் பொறாமைப்பட்டது ஒரு பூனையைப் பார்த்து.

அதுவும் அழகான பூனை இல்லை. சிங்கப்பூரில் எங்கள் சிராங்கூன் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலிருந்து என் மனைவி கயல்விழி தூக்கி வந்த, வால் பாதியில் நின்றுபோன ஆரஞ்சு நிறப் பூனை. வந்த அன்றே அதற்குக் 'குட்டி' என்று பெயர் வைத்தாள். கல்யாணமான புதிதில் அவள் என்னைக் கூப்பிட்ட பெயர் அது. (என் ஊரான நாகப்பட்டினத்தில் என்னை யாரும் குட்டி என்று கூப்பிட்டதில்லை. எருமை என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.) பூனை வந்தபின் நான் வெறும் 'என்னங்க' ஆகிவிட்டேன்.

போன புரட்டாசியில் குட்டிக்குச் சிறுநீர்த் தொந்தரவு வந்தது. தண்ணீர் போதவில்லை, மொறுமொறு தீனியை நிறுத்தி ஈரத் தீனிக்கு மாற்றுங்கள், ஆனால் ஒரேயடியாக மாற்றாமல் பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொடுங்கள் என்றார் கால்நடை மருத்துவர். அன்றிலிருந்து கயல் சூரை மீன் டின்னை உடைத்து, வெந்நீர் விட்டு, விரலால் மசித்து, "ஒரு வாய் சாப்பிடுடா தங்கம்" என்று தரையில் உட்கார்ந்து கெஞ்ச ஆரம்பித்தாள். பூனைத் துரை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

எனக்கு வாழைக்காய்ப் பொரியல் மேஜைமேல் மூடியிருக்கும். புரட்டாசி முழுக்கச் சைவம் என்பது கயல் பிறந்த வீட்டு வழக்கம். பெயரிலேயே மீனை வைத்திருக்கிறவள் எனக்கு மீன் கிடையாது என்கிறாள்.

"அவனுக்கு மட்டும் மீனா?" என்றேன்.

"அவனுக்கு என்ன லா தெரியும் புரட்டாசி? உங்களுக்குத் தெரியும்ல?" சிங்கப்பூர்க்காரி, 'லா' இல்லாமல் பேச்சு வராது.

விவரம் தெரிந்து வளர்ந்ததற்குத் தண்டனை.

ஒரு சனிக்கிழமை மதியம், சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவு வேலை முடிந்து பசியோடு வந்தேன். கயல் தன் அப்பா அம்மாவோடு தேக்கா சந்தைக்குப் போயிருந்தாள். குளிர்பெட்டியைத் திறந்தால் ஒரு கண்ணாடி டப்பா. மூடியில் அவள் கையெழுத்தில் 'குட்டி'.

திறந்தேன். மீன் வாசம். என் கண் கலங்கிவிட்டது. வீட்டு நோன்பையே மீறி எனக்காக, அதுவும் பழைய பெயரை எழுதி வைத்திருக்கிறாளே! பூனைக்கு டப்பாவில் எழுதி வைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பூனைக்கா படிக்கத் தெரியும்?

ரொட்டியில் தடவி, மேலே மிளகாய்ச் சம்பல் வைத்துச் சாப்பிட்டேன். உப்பு இல்லை. என் இரத்த அழுத்தத்தை நினைத்துத்தான் போடவில்லை என்று இன்னும் உருகினேன். நடுநடுவே மொறுமொறுவென்று ஏதோ கடிபட்டது. வடகத்தை நொறுக்கிப் போட்டிருக்கிறாள், என்ன கைப்பக்குவம்! காலடியில் பூனை உட்கார்ந்து என்னையே பார்த்து முனகியது. "பாத்துக்கோ, இன்னைக்கு எனக்குத்தான்" என்று அதன் மூக்குக்கு நேரே டப்பாவை நீட்டிக் காட்டிவிட்டுக் கடைசிக் கவளத்தையும் வழித்தேன்.

வாட்ஸ்அப்பில் கயலுக்குக் குரல்பதிவு அனுப்பினேன். "உன் குட்டி முழுசா சாப்பிட்டுட்டேன்மா. இவ்வளவு பாசத்த மனசுல வச்சிக்கிட்டு ஏன் வெளிய காட்ட மாட்டேங்குற?" பாச மயக்கத்தில் அது குடும்பக் குழுவுக்குப் போய்விட்டது. தேக்காவில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த மாமனார், காது மந்தம் என்பதால், முழுச் சத்தத்தில் போட்டுக் கேட்டிருக்கிறார்.

உடனே கயல் அழைத்தாள்.

"எந்த டப்பா சாப்பிட்டீங்க?"

"குட்டின்னு எழுதியிருந்துச்சே."

"அது குட்டியோடது லா."

"நான்தானே குட்டி?"

அந்தப் பக்கம் யாரோ கீரை விலை கேட்பது கேட்டது. வாந்தி வருகிறதா, வயிறு வலிக்கிறதா என்று கேட்பாள் எனக் காத்திருந்தேன்.

"அப்போ அவன் என்ன சாப்பிட்டான்?" என்றாள்.

அந்த நிமிடம் எரிந்தது வயிறு இல்லை.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பூனைதான் அன்று மாலை புது டின்னை, எதுவும் கலக்காமலே, வழித்து நக்கியது. நான் எங்கே பிடுங்கிக்கொள்வேனோ என்ற பயமாக இருக்கும். அத்தோடு அது முழுதாக ஈரத் தீனிக்கு மாறிவிட்டது. பாராட்டெல்லாம் கயலுக்கு. இப்போது குளிர்பெட்டியில் என் டப்பாக்களில் 'பழைய குட்டி' என்று எழுதியிருக்கிறது. முதல் தடவை பார்த்தபோது நான் சிரித்ததை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

தீபாவளிக்கு எல்லோரும் லிட்டில் இந்தியாவில் சாப்பிடப் போனோம். நான் மீன் வறுவல் கேட்டேன். பரிமாறுபவர் பாவம், ஒன்றும் அறியாதவர்.

"டிரையா, கிரேவியா சார்?"

மேஜையே குலுங்கியது. மாமனார் தண்ணீரைத் துப்பிவிட்டார். கயல்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"ரெண்டையும் கலந்து குடுங்கண்ணே. உப்பு மட்டும் போட்டுருங்க."