அறுபத்தோராம் பக்கத்து ஜனாதிபதி

“அறுபத்தோராம் பக்கத்தில் நீ காட்டியிருக்கும் மேற்கோள் ஆங்கிலப் பிரதியில் இல்லையே?” என்று பேராசிரியை மின்னஞ்சல் அனுப்பியபோது, சாருஜா ஆய்வேட்டை ஒப்படைக்க மூன்றே நாள் இருந்தது.

அந்த மேற்கோளில்தான் ஆய்வேடே நின்றது. போர்க்கால ஜனாதிபதி ஒருவர், அவசரகாலச் சட்டத்தை நீட்டச் சொல்லி மாதாமாதம் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய செய்திகளே ஆய்வுப் பொருள். சட்டப்படி சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழியிலும் அச்சானவை. புலம்பெயர்ந்து வந்த குடும்பத்திலேயே முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள், அந்த மனிதரைக் கிழித்துத் தோரணம் கட்டத்தான் தமிழ்ப் பிரதியைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் இந்த வரிகளில் நின்றுவிட்டாள்.

‘சென்ற மாதம் இறந்தோரின் தொகையை இச்சபை அறியும், பெயர்களை அறியாது. பெயரறியாத அவர்களுக்காக இச்சபை ஒருமுறை எழுந்து நிற்கட்டும்.’

குண்டு போடச் சொன்ன கை இதையும் எழுதியதா? மெற்றோ ரயிலில் அதைத் திரும்பத் திரும்ப வாசித்து, இறங்கவேண்டிய இடத்தை எத்தனையோ நாள் தவறவிட்டிருக்கிறாள்.

“ஆங்கிலத்தில் ஒரு பக்கம் விடுபட்டிருக்கும்” என்று பதில் போட்டாள். அரை மணியில் ஆங்கிலப் பிரதியின் எல்லாப் பக்கங்களும் இலக்கம் பிசகாமல் வந்து சேர்ந்தன.

ரோசம் வந்தது. அதே நடையில் வேறு மாதங்களில் வந்த ஆறு மேற்கோள்களைத் தேடியெடுத்து அனுப்பினாள். அந்த ஆறும் ஆங்கிலத்தில் இல்லை. இந்த முறை பேராசிரியை தொலைபேசியிலேயே வந்துவிட்டார்.

“சாருஜா, உண்மையைச் சொல். இதெல்லாம் நீ எழுதியதா?”

“இப்படி எழுத வருமென்றால் உங்களிடம் ஏன் படிக்க வருகிறேன்?” என்று பேராசிரியையின் மொழியான பிரெஞ்சிலேயே சீறினாள்.

“எனக்குத் தமிழ் தெரியாது; வெள்ளிக்குள் வேறு மொழிப் பிரதியிலாவது அதைக் காட்டு. இல்லாவிட்டால் ஒழுக்காற்றுக் குழுதான்.”

மிச்சமிருந்தது சிங்களப் பிரதி. அம்மா இந்திராதேவி வழி சொன்னாள்.

“வில்லரேயில பாலாம்பிகை அக்கா இருக்கிறா. கொழும்பிலயே வளந்தவ, சிங்களம் தண்ணிபட்ட பாடு. மூண்டு வருசமா அந்தாளின்ர கடிதத்தை வாசிக்கிறாய், வந்த கலியாணப் பேச்சு ஒண்டுக்குக் காது குடுத்தியே?”

சாருஜா தேடிப் போனபோது, பாலாம்பிகை புவாண்ட்-கிளேர் பண்டகசாலையில் வேலை முடித்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். சப்பாத்தைக் கழற்றாமலே சிங்களப் பிரதியையும் ஏழு மேற்கோள்கள் எழுதிய தாளையும் வாங்கினார்.

“சிங்களத்திலயும் இல்லைப் பிள்ளை. ஏழும் இல்லை.”

“வடிவாப் பாருங்கோ அன்ரி!”

“பாக்கத் தேவையில்லை.”

சாருஜா தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். “அப்ப அந்தாள் தமிழில மட்டும், எங்களுக்கு மட்டும் எழுதியிருக்கிறார்! அந்தப் பாவிக்குள்ள இப்பிடியொரு மனுசனோ? அன்ரி, எனக்கு அவரைக் கும்பிட வேணும் போல கிடக்கு.”

“விசரி!” பாலாம்பிகைக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டன. “அங்க இதுகளைத் தமிழாக்கம் செய்தது நான், தமிழ்ப் பிரதியை ஒருத்தரும் திறந்தும் பாக்கமாட்டினம் எண்ட தைரியத்திலதானே அதெல்லாம் எழுதினனான், நீ ஏன் பிள்ளை வாசிச்சனீ?”