குரங்குக்குப் போன தொப்பியும் இசக்கியின் டிரம்மும்

பேண்ட் மாஸ்டருக்குள்ள மரியாதை எல்லாம் அவன் தொப்பியில்தான் இருக்கிறது. என் தொப்பியைக் குற்றாலத்தில் ஒரு குரங்கு கொண்டுபோய்விட்டது. மிச்சக் காலத்தை மரியாதை இல்லாமலேதான் ஓட்டினேன்.

1950களின் கடைசி. தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. கேட்ட பிள்ளைகளை எல்லாம் பேண்டில் சேர்த்துக்கொள்வேன். கால் சூம்பிய பையன் ஒருவன் சின்ன டிரம் அடித்தான். அவன் நடைக்குத் தக்கபடிதான் மொத்த பேண்டும் நடக்கும். பேச்சு திக்கும் ஒருவன் புல்லாங்குழல். (என்னைப் பெரிய மனசுக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். பாட்டு வருகிற பிள்ளைகள் எல்லாம் நாடகத்துக்குப் போய்விட்டார்கள்.)

பெரிய டிரம் இசக்கியிடம். வடகரைப் பெண். பிறவியிலேயே காது கேட்காது. டிரம் தோலில் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பழகிக்கொண்டாள். அப்புறம் என் வலக்கையைப் பார்த்தாள். கை இறங்கினால் டம். அவ்வளவுதான் பாடம்.

ஹெட்மாஸ்டருக்கு இது ஆகவில்லை.

"காது கேக்காத பிள்ளைகிட்ட கொட்டக் குடுத்திருக்கீரே, வெளங்குமாவே? குத்தாலத்து விழாவுல ஒரு தப்பு வந்துச்சு, அவள எடுத்துருவேன்."

அவள் அப்பா அதற்கு மேல். "பேண்டுல இருக்கான்னுதான் பள்ளிக்கூடம் விடுதேன் சார். இல்லன்னா வயலுக்கு வரட்டும்."

குற்றாலத்தில் ஒரு விடுதித் திறப்பு விழா. சாரல் அடித்துக்கொண்டிருந்தது. தாசில்தார் பேசி முடித்ததும் நாங்கள் வாசிக்க வேண்டும். மனுஷன் முடிப்பதாக இல்லை. அருவி இரைச்சலில் அவர் பேசியது யாருக்கும் விளங்கவும் இல்லை. இசக்கி மட்டும் என் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மரத்திலிருந்து ஒரு குரங்கு என் தோளில் குதித்தது. தொப்பியைப் பிடித்து இழுத்தது. ஓங்கி ஒரு அடி விட்டேன்.

டம்.

பதறிப்போய் மறுபடியும் விரட்டினேன். டம், டம். ஐயோ வேண்டாம், வேண்டாம் என்று அவளைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அதற்கும் சேர்த்துப் போட்டாள். டிரம் கேட்டதும் மற்ற பிள்ளைகள் முழு மூச்சாக வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பேச்சு முடிந்தது என்று நினைத்த கூட்டம் கைதட்டிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு அருவிக்கு ஓடியது. தாசில்தார் மாலையும் கழுத்துமாகத் திறந்த வாயோடு நின்றார்.

திங்கட்கிழமை ஹெட்மாஸ்டர் இசக்கியிடமிருந்து டிரம்மை வாங்கி வேறொரு பையனிடம் கொடுத்தார்.

"கைய ஆட்டுனது நானு. அவ என்ன சார் பண்ணுவா?" என்று கத்தினேன்.

"அதுக்கு உம்ம கைய வெட்டவா முடியும்?"

கோபத்தோடு பிள்ளைகளை நிறுத்தினேன். கையை இறக்கினேன். சத்தமே இல்லை. மறுபடி இறக்கினேன். புதுப் பையன் மற்றவர்களைப் பார்த்தான். மற்றவர்கள் அவனைப் பார்த்தார்கள்.

"ஏலே, கண்ணு அவிஞ்சா போச்சு? கையப் பாருங்கலே!"

புல்லாங்குழல்காரன் திக்கித் திக்கிச் சொன்னான்: "சா... சார், உங்க கைய நாங்க பாத்ததே இல்ல. இசக்கி அடிச்சா வாசிப்போம்."

இத்தனை நாளும் தொப்பி மாட்டிக்கொண்டு நான் கை வீசியது ஒரே ஒரு பெண்ணுக்காக! ஹெட்மாஸ்டர் வராந்தாவில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். இசக்கியைக் கூப்பிட்டு அவரே டிரம்மை மாட்டிவிட்டார்.

"உம்ம கைய ஒரு ஆளாவது பாக்கட்டும்வே."

அவள் படிப்பை முடித்தாள். கல்யாணமாகிப் புனலூருக்குப் போனாள். அப்புறமும் நான் கேட்டவர்களை எல்லாம் சேர்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஓய்வு பெறும்வரை எத்தனையோ பேர் அந்த டிரம்மை அடித்தார்கள். எல்லோருக்கும் காது நன்றாகக் கேட்டது. ஒரு பயலும் அவளைப் போல் என்னைப் பார்க்கவில்லை.

இப்போதும் சாப்பிடும்போது ஈயை விரட்டக் கையை வீசினால், அடுப்படியிலிருந்து என் மனைவி "டம்" என்பாள். பிள்ளைகள் சேர்ந்துகொள்வார்கள். எரிச்சலாக வரும், திட்டுவேன்.

வீட்டில் யாரும் இல்லாதபோது, ஈ இல்லாமலே ஒரு தடவை கையை இறக்கிப் பார்ப்பேன். ஒரு சத்தமும் வருவதில்லை.