அவரைப் பந்தலுக்குப் பின்னால் ஒரு மலை

திருவண்ணாமலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. மலையைப் பார்க்கவே மாட்டோம். வெளியூர்க்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நாங்கள் மழை வருமா என்று பார்க்க மட்டும் அந்தப் பக்கம் திரும்புவோம். அதற்காக அவ்வளவு பெரிய மலையை ஒருவன் தொலைத்துவிட முடியுமா? நான் தொலைத்தேன். (தனியாக இல்லை, ஒரு தெருவையே கூட்டுச் சேர்த்துக்கொண்டு!)

தொண்ணூறுகளின் கடைசி. வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை. அங்கே ஒருநாள் மாடித் தோட்டம் பற்றி வகுப்பு எடுத்தார்கள். காய்கறிச் செலவு குறையும், வீடு குளுகுளுவென்று இருக்கும், அக்கம்பக்கத்தில் ஒற்றுமை வளரும் என்றார்கள். போதாதா எனக்கு? ஆடி மாதமே மாடியில் அரிசிச் சாக்குகளில் மண்ணை நிரப்பி அவரை விதைத்து, மூங்கில் நட்டுப் பந்தல் போட்டுவிட்டேன். சாயங்கால வெயிலை மறைக்க, மேற்குப் பக்கம் கைப்பிடிச் சுவர் வரைக்கும் கயிற்றை இறக்கிக் கட்டினேன். மலையும் அதே மேற்கில்தான் இருக்கிறது என்பது இந்த மண்டைக்கு உறைக்கவே இல்லை.

அதோடு விட்டேனா? வீடு வீடாகப் போய் விதை கொடுத்து, என்னைப் போலவே மேற்கில் பந்தல் போடச் சொல்லிப் பிரசங்கம் செய்தேன். குப்பைத் தகராறில் வருஷக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாத பக்கத்து வீட்டு மணி வாத்தியாரே, "நமக்கும் ரெண்டு வெத குடுங்க சார்" என்று வந்து நின்றார். காய்ப்பு தொடங்கியதும் யார் வீட்டு அவரை யார் வீட்டுக் குழம்பில் கொதிக்கிறது என்றே தெரியாத அளவுக்கு ஒற்றுமை. காய்கறிக்காரம்மா எங்கள் தெருவுக்குள் வருவதையே நிறுத்திவிட்டார். நான் தரையில் நடக்கவில்லை.

அந்தக் கார்த்திகையில்தான் என் தங்கை கலாவைப் பெண் பார்க்கக் கீழ்பென்னாத்தூரிலிருந்து சொல்லியனுப்பினார்கள். ஜாதகம், உயரம் என்று ஏற்கெனவே சில இடங்கள் தட்டிப்போய் அவள் நொந்துபோயிருந்தாள். இந்த மாப்பிள்ளையை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. (என் சட்டைப் பையிலிருந்த போட்டோ காணாமல் போனதை வைத்துச் சொல்கிறேன்.)

"தீபத்தன்னிக்கே வர்றோம்பா. நான் வெரதம். ஒங்க மாடியிலயே தீபத்த பாத்துட்டு, பொண்ணையும் பாத்துட்டு, மனசுக்குப் புடிச்சிருந்தா கை நனைச்சிட்டுப் போறோம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. பெண் வீட்டில் சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். மலை உச்சியில் ஏற்றும் தீபத்தைப் பார்க்காமல் அந்த அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

தீபத்தன்று பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கூட்டத்தில் நீந்தி அவர்கள் வந்து சேரும்போது மணி ஆறாகப் போகிறது. "மொதல்ல மாடிக்குப் போயிடலாம் வாங்க!" என்று பெருமையாக அழைத்துப் போனேன்.

ஏறியவன் அப்படியே நின்றுவிட்டேன். அடைமழை என்று சில நாட்களாக யாரும் மாடிப் பக்கமே போகவில்லை. அதற்குள் கொடி தலைக்கு மேலே கூரையாகவும் மேற்கே சுவராகவும் இண்டு இடுக்கில்லாமல் மூடியிருந்தது.

"இன்னாப்பா இது? மல எங்கப்பா?" என்றார் அந்த அம்மா.

பக்கத்து மாடியைப் பார்த்துக் கத்தினேன். "வாத்தியாரே! அங்க மல தெரியுதா?"

"எங்க தெரியுது? நீங்க குடுத்த அவரதான் தெரியுது!"

"இங்கயும் அதே கதிதான் சார்!" என்றது அதற்கடுத்த மாடி. அதற்கும் அப்பால் ஒரு பெண் குரல் என் குடும்பத்தையே வாழ்த்தியது.

அந்த நொடியில் ஊரே "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று அதிர்ந்தது. எங்கள் தெரு மட்டும், மலைத் தீபத்தைப் பார்த்த பிறகு ஏற்ற வேண்டிய அகல் விளக்கும் தீப்பெட்டியும் கையுமாக ஊமையாக நின்றது. ஐயோ, பாழாய்ப்போன அவரைக்காயால் ஒரு கல்யாணம் நிற்கப் போகிறதே!

"நவுருண்ணா!"

திரும்பினேன். காபித் தட்டோடு தலைகுனிந்து வர வேண்டிய கலா, பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் அரிவாள்மணையோடு நின்றாள். மாப்பிள்ளை இரண்டடி பின்வாங்கினார். அவள் யாரையும் பார்க்கவில்லை. கயிற்றை அறுத்தாள், கொடியை அறுத்தாள். அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தானும் கொசுவத்தைச் செருகினார்.

"நீ அறுடீ கண்ணு, நான் இழுக்கறேன்!"

இழுத்தார். மூங்கில், கொடி, இலைகளில் தேங்கியிருந்த மழைத்தண்ணீர் எல்லாம் என் தலையில் வந்து விழுந்தன. பந்தலுக்கு அடியில் கிடந்தபடி அவர்கள் இருவரும் ஒரே குரலில் "அரோகரா!" என்று கத்துவதைக் கேட்டேன். தெரு முழுக்கப் பந்தல்கள் சரியும் சத்தமும் கேட்டது. அந்த நேரத்தில் ஊரில் தீபத்தைப் பார்க்காமல் கிடந்தவன் நான் ஒருவன்தான்.

"பொண்ணு பாத்தாச்சி" என்றார் அந்த அம்மா, மூச்சு வாங்க. "எலய போடுங்க. பசிக்குது."

இலையில் அவரைக்காய்ப் பொரியல்தான். வேறென்ன?

இன்றும் ஒவ்வொரு தீபத்தன்றும் கீழ்பென்னாத்தூரிலிருந்து மாப்பிள்ளை போன் செய்வார். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

"மச்சான், மல இருக்குதா?"

அவர் பின்னாலிருந்து கலா சிரிப்பது கேட்கும். "இருக்குது மாப்ள" என்று எரிச்சலோடு வைத்துவிடுவேன். வைத்ததும் ஒருமுறை மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.