சிம்லாவுக்குப் போன ஆப்பிள் புழு

ஒரு புழுவுக்காக லீவு லெட்டர் எழுதிய ஆள் இந்த பூமியிலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் தி.நகர் ஆபீஸில் எனக்குப் பக்கத்து சீட். நாங்கள் வைத்த பெயர் 'படபடப்பு சார்'. லிஃப்ட் கொஞ்சம் லேட்டாக வந்தாலே, கயிறு அறுந்துவிட்டதோ என்று எட்டிப் பார்க்கிற ஜென்மம்.

போன வருஷம் லஞ்ச் நேரத்தில் அவர் ஆப்பிளை வெட்ட, உள்ளே ஒரு புழு நெளிந்தது. நானாக இருந்தால் வீலென்று கத்தியிருப்பேன். சார் அதை உற்றுப் பார்த்து, "ஐயையோ, கத்தி கித்தி பட்டிருக்குமோ?" என்றார்.

சாயங்காலமே என்னையும் இழுத்துக்கொண்டு மாம்பலம் ஸ்டேஷன் வாசல் பழக்காரம்மா முன்னால் போய் நின்றார்.

"இன்னா சார், ஒரு புழு இருந்ததுக்கு ஆளக் கூட்டிக்கினு சண்டைக்கு வந்துட்டியா?"

"சண்டை இல்லம்மா. இது எந்த ஊர்ப் பெட்டி?"

"சிம்லா. இன்னாத்துக்குக் கேக்குற?"

"அதோட ஊரு தெரியணும்ல?"

பழக்காரம்மா என்னைப் பார்த்து, "சார டாக்டராண்ட இட்டுக்கினு போம்மா" என்றார்.

புழுவை வீட்டுக்குக் கொண்டுபோன சார் இரண்டே நாளில் எல்லாம் படித்துவிட்டார். அது வடக்கே குளிரில் வாழும் குட்டி அந்துப்பூச்சியின் புழுவாம். "கொய்யா வெச்சேன், நெல்லிக்கா வெச்சேன், மூஞ்சத் திருப்பிக்குது. ஆப்பிள், பேரிக்கா இதுதான் இறங்குது. அதுகூட வாங்கிப் போட்டுடலாம்மா. பூச்சியாகி வெளிய வந்தா முட்டை போட மரம் வேணுமே! எங்க மந்தைவெளில ஆப்பிள் மரத்துக்கு நான் எங்க போவேன்?"

புழு கூடு கட்டிய அன்றுதான் அந்த லீவு லெட்டர். 'வீட்டில் ஒருவருக்கு உடம்பில் மாற்றம்' என்று எழுதியிருந்தார். மேனேஜர் என்ன நினைத்தாரோ, வாழ்த்துச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

பூஜா லீவுக்கு நான் குடும்பத்தோடு சிம்லா டூர். ஆபீஸில் ஆளாளுக்கு ஷால் வாங்கிவரச் சொன்னார்கள். சார் மட்டும் மூடியில் ஓட்டை போட்ட ஒரு டப்பாவை நீட்டினார். உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் கூடு.

"பூச்சி வெளிய வர்றதுக்குள்ள மரத்துக்கிட்ட போயிடணும்மா. வழியிலயே வந்துட்டா செத்துடும்." மூடி ஓட்டைகளை இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரயிலில் மணிக்கொரு போன். "நாக்பூர் தாண்டியாச்சா? டப்பா மேல வெயில் படுதா?"

"நீ சாப்பிட்டியான்னு ஒரு வாட்டி கேட்டாரா பாரு!" என்று என் வீட்டுக்காரர் பொருமினார்.

டெல்லி தாண்டியதும் டப்பாவைத் திறந்து பார்த்தேன். கூடு லேசாக அசைந்தது. அப்புறம் தூக்கமாவது ஒன்றாவது!

சிம்லாவில் ஹோட்டலுக்குப் பின்னால் கவனிப்பாரில்லாத ஆப்பிள் மரம் ஒன்று இருந்தது. ஆப்பிளைக் கெடுக்கும் பூச்சியை விடுவது தோட்டம் வைத்திருப்பவர்கள் கண்ணில் பட்டால் உதைதான் என்பதால் திருட்டுத்தனமாக மூடியைத் திறந்தேன். கூட்டைவிட்டு வந்திருந்தது, விரல் நகம் அளவுக்கு ஒரு சாம்பல் பூச்சி. பறக்கவில்லை. வேன்காரர் ஹாரன் அடிக்கிறார், வீட்டுக்காரர் கத்துகிறார், போனில் சார் லைனிலேயே இருக்கிறார்.

"சார், றெக்கையே அசைக்க மாட்டேங்குது சார். காத்து வேற அடிக்குது, குளிர் தாங்குமா? பசியா இருக்குமோ?" பதறினது சாட்சாத் நானேதான்.

சட்டென்று எழும்பி ஓர் இலைமேல் போய் உட்கார்ந்தது.

"போயிடுச்சு சார்!"

சார் சிரித்தார். பதினோரு வருஷமாகப் பக்கத்து சீட், அவர் சிரித்து அன்றுதான் கேட்கிறேன். இன்னொரு தடவை அப்படிச் சிரிப்பாரென்றால், இன்னொரு புழுவைத் தூக்கிக்கொண்டு சிம்லா போக நான் ரெடி.